அப்பா எடுத்த பாட்டு

கரடியூர் சாலையில் இன்று காப்பிப்பழத் தோல் புளித்த வாசம் அடித்தது. இப்போது விடுதி நிற்கும் இடத்தில் முன்பு இருந்த எங்கள் எஸ்டேட் ஜெபக்கூடத்தின் தகரக் கூரைக்கடியிலும் இதே வாசம்தான். அங்கே யாரைக் கண்டித்தாலும், அடுத்த பாட்டை அவரையே எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள்.

ஒரு ஞாயிறு, பழம் பறிக்கும் எஸ்தர் அத்தை எல்லார் முன்னாலும், "ஏனுங்கண்ணா, நேத்து குடிச்சுப்போட்டு அண்ணிய அடிச்சது நொம்பத் தப்புங்க" என்றார். அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். இனி வரவே மாட்டார் என்று நினைத்தேன்.

"பாட்டெடுக்காம எங்க போறீங்க? நாங்க கத்துனா ஆடுதான் வந்து சேரும்" என்றார் அத்தை.

அப்பா திரும்பி, அம்மாவிடம் "தப்புத்தான்" என்று சொல்லிவிட்டு, யாருக்கும் எட்டாத உயரத்தில் பாட்டைத் தொடங்கினார். அத்தனை பேரும் கழுத்து நரம்பு புடைக்க அதே உயரத்தில் பாடினார்கள். அதை மட்டும் யாரும் திருத்தவில்லை.