கிளமாட்டிஸின் கழுத்தை நெரித்த தறி நூல்

மக்களே, எங்கள் வீட்டு மாடியில் இன்று காலை ஒரு கொலை நடந்துவிட்டது, கொலைகாரர் எங்கப்பாவேதான்!

ஏற்காட்டில் வாங்கிவந்த என் கிளமாட்டிஸ் பூங்கொடி. முதல் மொட்டு விட்டிருந்தது. நேற்று நன்றாக இருந்தது, இன்று கருகித் தொங்கியது.

தண்டைப் புரட்டிப் பார்த்தால், நெசவாளியான அப்பாவின் தறியில் மிஞ்சிய நூலால் இறுக்கி முடிச்சு. நூல் தோலை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. அந்தக் காயத்தில்தான் பூஞ்சை புகுந்திருக்கும்.

"ஏனுங்கப்பா, இப்படி கழுத்த நெரிச்சு வெச்சிருக்கீங்க?"

"காத்துல ஆடுச்சு சாமி. நூலு தொளதொளன்னு இருந்தா சேலை வருமா?"

"இது சேலையில்லீங்கப்பா, செடி!"

கத்தரியைக் கொதிநீரில் முக்கி எடுத்தேன். அப்பா குறுக்கே வந்தார்.

"மொட்டு இருக்குது சாமி, வெட்டாத."

வெட்டினேன். மண்ணுக்கு இரண்டு விரல் மேலே, மொட்டோடு சேர்த்து. கருகியதையெல்லாம் எரித்தேன். வேர் பிழைத்திருந்தால் துளிர்க்கும்.

அப்பா உள்ளே போய், தன் பழைய பனியனை நாடா நாடாவாகக் கிழித்துக்கொண்டு வந்தார்.

"அடுத்த வாட்டி இதுல லேசா கட்டிக்கலாங்கண்ணு."

இப்படி வெட்டியும் துளிர்த்த கொடி உங்களிடம் இருந்தால், எத்தனை நாளில் என்று கமெண்டில் சொல்லுங்கள். கொலைகாரர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாடியேறித் தொட்டியை எட்டிப் பார்க்கிறார்.