புளியமரத்தடியில் ஒரு தலை தீபாவளி

எங்கள் அக்காவின் தலை தீபாவளியைக் கெடுத்தவள் நான்தான் என்று சொந்தத்தில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. கல்யாணம் காதுகுத்து என்று நாலு பேர் கூடினால் போதும், யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அம்மை என்ன, நான் சந்தையில் விலை பேசி வாங்கி வந்ததா? ஒன்பது வயதில், தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, முதுகில் இரண்டு கொப்புளம் வந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் கேழ்வரகு விளையும் காட்டுக்குள் தனியாக இருந்தது எங்கள் வீடு. கொப்புளத்தைப் பார்த்த அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். அத்தோடு தீபாவளி முடிந்தது. அம்மை போட்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, வெடி வெடிக்கக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது. முறுக்குக்கு அரைத்த மாவு அப்படியே டப்பாவில் கிடந்தது. அப்பாவுக்கு என்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் திட்ட முடியாதே! அம்மை போட்டவளைத் திட்டினால் மாரியாத்தாளையே திட்டியதாகிவிடும். நேற்றுவரை "ஏ கழுத" என்று கூப்பிட்டவர், என் பாய்க்கு எதிரில் வந்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, "தாயே, எப்பங்க எறங்குவீங்க? பொண்ணும் மாப்ளயும் வர்ற நேரமுங்க" என்று கும்பிட்டார்.

அதுமட்டுமில்லை, அம்மை போட்டவள் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். கேட்பது ஆத்தா. இளநீர் கேட்டேன், வந்தது. நுங்கு கேட்டேன். ஐப்பசியில் நுங்குக்கு எங்கே போவது? அப்பா பாலக்கோடு வரைக்கும் போய் அலைந்துவிட்டு, வெறுங்கையோடு வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

அக்காவை ஓமலூர்ப் பக்கம் கொடுத்திருந்தது. ஆனியில் கல்யாணம். வர வேண்டாம் என்று அப்பா கார்டு போட்டார். அந்தக் கார்டும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. தீபாவளியன்று விடிந்தும் விடியாமலும் அக்காவும் மாமாவும் பையைத் தூக்கிக்கொண்டு வண்டித்தடத்தில் வந்து, எங்கள் வாசல் வேப்பிலையைப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கப் புளியமரத்தடியிலேயே நின்றுவிட்டார்கள்.

அப்பா கையைப் பிசைந்தார். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்பினால் சம்பந்தி வீட்டார் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். மாமாவின் முகம் ஏற்கெனவே தொங்கிப்போயிருந்தது. ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா உள்ள வரணும்!" என்று கத்தினேன்.

அப்பா சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கேட்டியா? ஆத்தாளே கூப்புட்டுட்டா! வாங்க மாப்ள, வாங்க!"

அம்மாவுக்கும் முகம் மலர்ந்துவிட்டது. வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். அக்கா சிரித்துக்கொண்டே நாலு எட்டு வைத்தாள். ஐந்தாவது எட்டில் தடத்தோரமாகக் குத்தவைத்து வாந்தி எடுத்தாள்.

"தொப்பூருங்க" என்றார் மாமா, சங்கடத்தோடு.

"அந்த வளைவு யாரத்தான் வுட்டுச்சு" என்றார் அப்பா. உண்மைதான். சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து, தொப்பூர் கணவாயில் வயிறு புரட்டாதவர்கள் எங்கள் பக்கம் குறைவு. அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"கணவாய்லயே எடுத்தியா, இப்பத்தானா?"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "இப்பத்தாம்மா" என்றாள்.

நல்ல நாளும் அதுவுமாக இதெல்லாம் ஒரு கேள்வியா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அதற்குள் அம்மா கத்தினாள்.

"அங்கயே நில்லு! ஒரு அடி இந்தப்பக்கம் வெக்காத!"

"ஆத்தா வாக்குடி!" என்று அப்பா பதறினார்.

"இருக்கட்டும்" என்றாள் அம்மா. "அவளுக்கு இதுவரைக்கும் அம்ம போட்டதில்ல. வர வேணாம்."

நுங்குக்குப் பாலக்கோடு வரை அப்பாவை அனுப்பியவள், ஆத்தாளே வாய்விட்டுக் கேட்ட ஒன்றை இல்லையென்றுவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கொப்புளமெல்லாம் கொதித்தது.

அப்புறம் நடந்த கூத்துதான் எங்கள் வீட்டுத் தலை தீபாவளி. பக்கத்துக் காட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம் ஒன்று இருந்தது. புருஷனும் பொண்டாட்டியும் அவர்கள் வீட்டு எண்ணெயையும் சீயக்காயையும் கொண்டுவந்து புளியமரத்தடியில் பலகை போட்டார்கள். அம்மா எங்கள் வாசலில் நின்றபடியே எண்ணெய் வைத்தாள், வாயால்.

"உச்சியில வையிங்க. இன்னும் கொஞ்சம். மாப்ளைக்குக் காதோரம் வுட்டுப்போச்சு பாருங்க!"

ஐப்பசிக் குளிரில் மாமா துண்டைக் கட்டிக்கொண்டு நடுங்கினார். மாமியார் சொல்லச் சொல்லத் தலையை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் திருப்பிக் கொடுத்தார். அக்காவுக்கு எடுத்து வைத்த பட்டு, பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. நம் வீட்டு நூல்கூட அவள்மேல் படக் கூடாது என்றுவிட்டாள் அம்மா. அந்தக் கன்னடக்கார அம்மா அவர்களுக்கு இலையில் இட்லியும் ஒப்பிட்டு என்கிற போளியும் வைத்த அதே நேரத்தில், எங்கள் அம்மா எங்களையும் வாசலில் உட்காரவைத்துக் கேழ்வரகுக் கூழ் ஊற்றினாள். எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறோமாம்! "சாப்புடு சாமி" என்று தடத்தைத் தாண்டிக் கத்தினாள். "நீயும் சாப்புடும்மா" என்று அக்கா அங்கிருந்து கத்தினாள். இருவரும் அழுதார்கள். இப்படி அழுவதற்கு உள்ளேயே கூப்பிட்டிருக்கலாமே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மத்தியான பஸ்ஸுக்கு அவர்கள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நான் அம்மாவோடு பேசவில்லை.

அம்மை இறங்கி, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். அம்மா தரையில் விழுந்து எழவே இல்லை. எழுந்தவள் இரண்டு கன்னத்திலும் படபடவென்று அடித்துக்கொண்டாள். "ஒன் வாக்கத் தட்டிட்டன் தாயே. என்ன வேணாலும் பண்ணு, அத ஒண்ணும் பண்ணிராத" என்று அழுதாள். வாக்குச் சொன்னது நான்தானே? பெரிய மனது பண்ணி அப்போதே மன்னித்துவிட்டேன். 'அத' என்று அவள் சொன்னது எதை என்று கேட்கத் தோன்றவில்லை.

எனக்குக் கல்யாணமாகி நாலாம் மாதம், சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, அதே புளியமரத்தடியில் குத்தவைத்து வாந்தி எடுத்துவிட்டேன். "தொப்பூரும்மா" என்றேன். என் பையை வாங்க ஓடிவந்தவன் அக்காவின் மூத்த மகன், பன்னிரண்டு வயது, வைகாசியில் பிறந்தவன். அம்மா வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

"கணவாய்லயே எடுத்தியா, இப்பத்தானா?" என்றாள்.

ஐப்பசிக்கும் வைகாசிக்கும் எத்தனை மாதம் என்று அன்றைக்குத்தான் விரல்விட்டு எண்ணினேன்.