என் காலேஜ் லிஸ்ட்டும் திராட்சை லாரிகளும்

பன்னீர் திராட்சைய பெட்டியில அடுக்குறப்ப அடியில ரெண்டு நசுங்கும் பாருங்க... அந்த வாசம். புளிப்பும் இனிப்புமா, ஷெட்டு முழுக்க ஈ மொய்க்கும். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மாசம் பூரா எனக்கு அந்த வாசம்தான். எங்க அத்தாவுக்கு, அதான் அப்பாவுக்கு, ஆபீஸே அந்த ஷெட்டுதான்.

அத்தா தேனிப் பக்கம் ஓடைப்பட்டியில திராட்சை வாங்கி வெளியூருக்கு லோடு அனுப்புற யாவாரி. வீட்டுல அதுவரைக்கும் யாரும் காலேஜ் வாசப்படி மிதிச்சதில்ல. நான் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு அப்ளை பண்ணியிருந்தேன். கட் ஆஃப் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எந்த காலேஜ மேல போடுறது, எத கீழ போடுறது?

எங்க கெமிஸ்ட்ரி மிஸ் சொன்னாக: "ஆசைப்படுறத மேல போடு. கிடைக்கலாம்னு தோணுறத நடுவுல போடு. கண்டிப்பா கிடைக்கிறது அடியில. கம்ப்யூட்டரு மேலருந்துதான் பாத்துட்டு வரும். எங்கன சீட்டு இருக்கோ அங்கன நின்னுரும்."

அத்தா நேர் தலைகீழா சொன்னாக. "பக்கத்துல இருக்குறத மொதல்ல போடுத்தா. தினம் வீட்டுக்கு வந்துரலாம்ல?"

பக்கத்து காலேஜ்ல எனக்கு சீட்டு நிச்சயம். அத மேல போட்டா கம்ப்யூட்டரு அங்கனயே நின்னுரும்... மெட்ராஸ்ல படிக்கணும்ங்கிற என் ஆசை அம்புட்டுதான்.

அழுதுட்டேன்.

"கண்ணால பாக்காத எடத்துக்கு பொம்பளப் பிள்ளைய எப்படித்தா அனுப்புறது?"ன்னாக அத்தா. கோவமில்ல, பயம்.

அப்புறம் அவுகளாவே ஒண்ணு செஞ்சாக பாருங்க... இன்னைக்கு நெனச்சாலும் புல்லரிக்குது. என் லிஸ்ட்டுல இருந்த ஊருக்கெல்லாம் எங்க லோடு போகும். திருச்சி, கோயமுத்தூரு, மெட்ராஸ். டிரைவர் ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டாக. "ஏலே, லோடு எறக்கிட்டு அந்த காலேஜ ஒரு எட்டு பாத்துட்டு வாடா. நம்ம பிள்ள படிக்கப் போகுது."

ரிப்போர்ட் வர ஆரம்பிச்சுச்சு!

"பாய், கட்டடம் பளபளன்னு இருக்கு. ஹாஸ்டல் சோறுதான் வாயில வைக்க முடியலன்னு பயலுக சொல்றானுக."

"பஸ் ஸ்டாண்டுலருந்து ரொம்ப உள்ள தள்ளி இருக்கு பாய். நமக்கு வேணாம்."

ஒருத்தர், "இங்கன ஒரு பிள்ள கூட சிரிக்கல பாய்"ன்னாரு. சத்தியமா சொல்றேன், கட் ஆஃப் எல்லாம் பாக்காம அந்த காலேஜ அடியில தள்ளிட்டேன்.

மெட்ராஸுக்குப் போனது பாண்டி அண்ணன். எங்ககிட்ட ரொம்ப வருஷமா வண்டி ஓட்டுறவரு. மார்க்கெட்ல லோட எறக்கிட்டு, லாரிய அங்கனயே போட்டுட்டு, கைலிய மாத்தி பேண்ட் போட்டுக்கிட்டு டவுன் பஸ்ல போயிருக்காரு. காலேஜ் விடுற நேரம். கேட்டுல நின்னு ஒரே கூப்பாடு...

"தேனிப் பக்கத்துப் பிள்ளைக யாராச்சும் இருக்கீகளா?"

ஐயோ! கேட்டப்ப எனக்கு மானமே போச்சு.

ஆனா ஒரு அக்கா திரும்பிப் பாத்துருக்கு. "அண்ணே, நான் கடமலைக்குண்டு!"

அண்ணன் எங்களுக்கு போன் போட்டு அதுகிட்டயே குடுத்துட்டாரு. அத்தா ஸ்பீக்கர்ல போட்டாக. பெட்டி அடுக்குறவுகல்லாம் வேலைய நிப்பாட்டிட்டு சுத்தி நிக்கிறாக.

"கடமலைக்குண்டுலருந்து மெட்ராஸ் வரைக்குமா போயிருக்க? பயமா இல்லையாத்தா?"

"மொத வாரம் அழுதேன்யா. இப்ப ஊருக்கு வந்தாத்தான் போரடிக்குது. உங்க பிள்ளைய அனுப்புங்க, நான் பாத்துக்கிறேன்."

யாரு எவருன்னே தெரியாத பிள்ள!

அத்தா போன வச்சாக. அப்புறம் என்னையப் பாத்து, "மெட்ராஸ மேல போடுத்தா"ன்னாக.

கிடைச்சுருச்சு! ஹாஸ்டல்ல எனக்கு மொத மொதல்ல பக்கெட்டு வாங்கிக் குடுத்ததே அந்த அக்காதான்.

இந்த வருஷம் என் சின்னத்தா மக லிஸ்ட் போட்டா. ஒரே மத்தியானத்துல, கட்டில்ல படுத்துக்கிட்டே. போன வருஷ கட் ஆஃப், ஹாஸ்டல் ரூம் வீடியோ, எல்லாம் மொபைல்லயே இருக்கு. ரொம்ப நல்லாவும் போட்டுருந்தா.

"யாருகிட்ட விசாரிச்ச?"ன்னேன்.

"யாருகிட்டயும் இல்லக்கா. எல்லாம் இதுலயே இருக்குல்ல?"

வாஸ்தவம்தான். ஆனா எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அன்னைக்கு நான் எந்த ஊருக்குப் படிக்கப் போயிருந்தாலும், அந்த காலேஜ் வாசல்ல எனக்கு முன்னாடியே நம்ம ஊரு ஆளு ஒருத்தர் எனக்காகப் போயி நின்னுருப்பாரு...