யாகப்பருக்கு அடித்த மணி

என் அம்மா அன்ரோனெற் பழி வாங்கினவள். அவளை அடக்கம் செய்த அன்று பங்குச் சுவாமியார் பிரசங்கத்தில் பொறுமைசாலி, மன்னிக்கத் தெரிந்தவள் என்றெல்லாம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் யாரையும் மன்னித்து நான் கண்டதில்லை. அதனால்தான் இதை எழுத நான் உயிரோடு இருக்கிறேன்.

அறுபத்துநாலாம் ஆண்டு, நத்தார்ப் பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு. மன்னார்க் கரையில் எங்கள் ஊரான ஓலைத்தொடுவாயில் அப்போது ஒரே ஒரு றேடியோதான் இருந்தது, சம்மாட்டி யாகப்பர் வீட்டில். ஊரின் வள்ளங்களும் வலைகளும் அவருடையவை. என் அப்பா அமிர்தநாயகம் போன்றவர்கள் அவற்றில் கடல்தொழிலுக்குப் போகிறவர்கள். அன்றைக்கு யாகப்பர் தன் புது வள்ளத்தை மட்டும் பனையடி வரை இழுத்தேற்றிக் கட்டிவிட்டு, பழைய வள்ளத்தில் அப்பாவையும் இன்னும் நாலு பேரையும் அனுப்பினார். நத்தாருக்கு மீன் நல்ல விலை போகுமல்லவா? புயல் வந்தது. அப்பா வரவில்லை.

பிறகு லொறியில் நிவாரண மா வந்தது. யாகப்பர் தன் வீட்டு விறாந்தையில் வைத்துப் பங்கிட்டார். எனக்கு ஐந்து வயது. அம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். மாவை அளந்து போட்டபடி அவர், “என்ன செய்யிறது பிள்ளை, கடல் சொல்லிப்போட்டே வருகுது?” என்றார்.

சொல்லித்தான் இருந்தது. பக்கத்துத் தாராபுரத்திலிருந்து சீலை விற்க வரும் ஹவ்வா உம்மா, அப்பா கடலுக்குப் போன அன்று அதே விறாந்தையில் மூட்டையை அவிழ்த்துவைத்துக்கொண்டு இருந்திருக்கிறா. றேடியோ புயல் எச்சரிக்கை சொன்னதையும், யாகப்பர் எழும்பிப் போய் அதன் குமிழைத் திருகி நிறுத்தியதையும் கண்ணால் கண்டவ. அம்மாவிடம் வந்து சொல்லி அழுதா. அம்மா அழவில்லை.

தாலிக்கொடியை விற்று ஒரு றேடியோ வாங்கினாள். கோயில் கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். நாளடைவில் மணி அடிக்கிற வேலையும் அவள் கைக்கு வந்தது. வானிலை அறிக்கை ஒன்றையும் தவறவிடமாட்டாள். கொந்தளிப்பு என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், கடற்கரைக்கு ஓடிப்போய், “போகாதேங்கோ, போகாதேங்கோ” என்று கத்துவாள். இரண்டு தரம் அவள் பேச்சைக் கேட்டு எல்லாரும் தொழிலை விட்டார்கள். இரண்டு தரமும் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. அதோடு அவளுக்கு ‘றேடியோ அன்ரோனெற்’ என்று பட்டம். கைகொட்டிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். வெட்கக்கேடுதான், என்ன செய்ய? வளர்ந்ததும் யாகப்பரின் வள்ளத்துக்கே தொழிலுக்குப் போனேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சோறு கட்டித் தந்தாள்.

எழுபத்தெட்டு, கார்த்திகை மாதம். பின்னேரம் இரண்டு வள்ளங்களில் பன்னிரண்டு பேர் புறப்பட நின்றோம். அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“டொமினிக், போகாதையடா! கிழக்கில பெரும் புயலாம். இஞ்சால வருகுதாம்!”

“உங்கட றேடியோ எப்பவும் இதைத்தான் சொல்லுது. வீட்டை போங்கோ அம்மா,” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பனையடியைப் பார்த்தாள். யாகப்பரின் புது இயந்திரப் படகு அங்கே இழுத்தேற்றிக் கட்டியிருந்தது. காலையிலிருந்து நாங்களும்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருவனுக்கும் புத்தியில் உறைக்கவில்லை. அவள் திரும்பிக் கோயில் பக்கம் போனாள்.

இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு நின்றபோது கோயிலில் துக்கமணி கேட்டது. எங்கள் ஊரில் துக்கமணி அடித்தால் அன்றைக்கு ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. செத்தது யாராக இருந்தாலும் சரி, எல்லாரும் அந்த வீட்டுக்குத்தான் போகவேண்டும். புயலுக்குப் பயப்படாதவனும் அந்த மணிக்குப் பயப்படுவான். வள்ளங்களைக் கரையேற்றிவிட்டுக் கோயிலுக்கு ஓடினோம். அம்மா இன்னும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“ஆர் அன்ரோனெற்? ஆர் மோசம் போனது?”

“யாகப்பர் சம்மாட்டியார்.”

ஊரே அவர் வீட்டுக்குத் திரண்டது. படலையடியிலேயே பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். உள்ளே விறாந்தையில் யாகப்பர் சாய்மனைக் கதிரையில் கிடந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு வாய் பிளந்தபடி எழும்பினார். ஒப்பாரி பாதியில் நின்றது. அப்போது அவருடைய றேடியோ மட்டும் பேசியது. புயல் மன்னார்ப் பக்கம் நகர்கிறதாம், மீனவர்கள் கடலுக்குப் போகவேண்டாமாம்.

அவர் கை குமிழை நோக்கிப் போனது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அம்மா குறுக்கே நின்றாள்.

“விடுங்கோ. இந்த முறை எல்லாரும் கேக்கட்டும்.”

யாகப்பர் கையை இழுத்துக்கொண்டார். பன்னிரண்டு பேரும் பனையடியைத் திரும்பிப் பார்த்தோம்.

அடுத்த நாள் புயல் அடித்தது. பழைய வள்ளங்கள் இரண்டும் உடைந்தன. யாகப்பர் வீட்டுக் கூரை போய்விட்டது. ஊரில் ஓர் உயிரும் போகவில்லை. இந்த முறை நிவாரண மாவைக் கோயில் மண்டபத்தில் இறக்கினார்கள், பங்கிட்டவள் அம்மா. வரிசையில் யாகப்பரும் நின்றார். மற்றவர்களுக்குப் போட்ட அளவே அவருக்கும் போட்டாள், ஒரு பிடி குறைக்கவில்லை. போட்டுவிட்டு, ஊர் கேட்க, “கடல் சொல்லிப்போட்டுத்தான் வந்தது, சம்மாட்டியார்,” என்றாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

உயிரோடு இருக்கிறவருக்குத் துக்கமணி அடித்தது பாவம் என்று சுவாமியார் கண்டித்தார். “ஓம் சுவாமி, பாவந்தான்,” என்று ஒப்புக்கொண்டாள். முகத்தில் கவலை ஒன்றையும் காணவில்லை.

மூன்று வருசம் கழித்து யாகப்பர் உண்மையாகவே செத்தார். காலையில் அவர் மகன் கோயிலுக்கு வந்து மணி அடிக்கச் சொன்னான். கூட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை.

“கொப்பருக்கு நான் எழுபத்தெட்டிலேயே அடிச்சுப்போட்டன், தம்பி. ஒரு ஆளுக்கு ஒருதரந்தான்.”

சுவாமியார் அன்று ஊரில் இல்லை. அம்மா விளக்குமாற்றோடு போய்க் கயிற்றடியில் நின்றுகொண்டாள். அவளை விலக்கிவிட்டுக் கயிற்றைத் தொட ஒருவரும் துணியவில்லை.

மணி கேட்கவில்லை. றேடியோ கடல் அமைதி என்றது. வள்ளங்கள் எல்லாம் இறங்கின. யாகப்பரின் இயந்திரப் படகும் இறங்கியது. பனையடியிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டு போனவன் நான்.