கேட்டுக்கு முன்னால் மூன்று பக்கம்

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் தூங்கிக்கொண்டு வருவோம். என் பக்கத்து சீட்டுக்காரர் மட்டும் படித்துக்கொண்டு வருவார். ஒல்லியான திருநெல்வேலிக்காரர். பக்க அடையாளத்துக்கு இயர்பிளக்கின் ஆரஞ்சுக் கயிறு வைத்திருப்பார். வாங்கிப் படிக்காமலே கட்டிலுக்கடியில் கிடந்த பழைய புத்தகங்களை அந்த வருடத்துக்குள் முடிப்பதாகச் சபதம். அதுவரை புதிது வாங்க மாட்டாராம். கேட்டுக்குள் புத்தகம் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் டிரைவரிடம் கொடுத்துவிட்டு இறங்குவார்.

ஒருநாள் கேட் வந்தும் அவர் எழவில்லை. மூன்று பக்கம் பாக்கி.

“யோவ், எறங்குய்யா! வண்டிய எடுக்கணும்,” என்று கத்தினார் டிரைவர்.

“அண்ணே, பஞ்ச் லேட்டானா அரை நாள் சம்பளம் பூடும்ணே!” நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“நீ போ தம்பி. கதையில இந்தப் புள்ள பொழைப்பாளா மாட்டாளான்னு தெரியாம எப்படி வேலை பாக்க?”

நான் ஓடிப்போய்ப் பஞ்ச் பண்ணினேன். சாயங்காலம் பஸ்ஸில் சிரித்தார். “அரை நாள் போச்சு. ஆனா ஏழாவது பொஸ்தகம் முடிஞ்சிட்டுல்லா!”

“அந்தப் பொண்ணு இன்னா ஆச்சுண்ணே?”

“அதச் சொன்னா நல்லாவா இருக்கும்?” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். புத்தகத்தின் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. அவரும் வேறு ஷிப்டுக்கு மாறிப் பிறகு ஊருக்கே போய்விட்டார். அவள் பிழைத்தாளா என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.