வயிறு முட்டச் சாப்பிட்ட நாள்

என் அம்மா செத்துக் கிடந்த அன்றைக்கு நான் வயிறு முட்டச் சாப்பிட்டேன். காலையில் இட்லி, மத்தியானம் நெய் விட்டுச் சோறு, ரசம், மோர். எனக்கு விஷயம் தெரியாது. தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று பரிமாறினார்கள். எத்தனை வருஷம் ஆனால் என்ன, நினைத்தால் இன்றைக்கும் உடம்பு பற்றி எரிகிறது.

நான் மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அங்கே குடியுரிமை கிடைக்கவில்லை. எழுபதாம் வருஷ வாக்கில் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ரஞ்சன்குடிப் பக்கத்துச் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார்கள். கல்யாணம் ஆகியிருந்ததால் நான் மட்டும் தங்கிப்போனேன். அப்பா இறந்ததை எனக்குக் கடிதம்தான் சொன்னது. அம்மாவின் முகத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அம்மா சீரியஸ் என்று தந்தி வந்ததும் விமானம் ஏறினேன்.

மெட்ராஸில் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி, நீங்கள் நன்றாகத் தமிழ் பேசுகிறீர்களே என்று பாராட்டினார். பின்னே, வேறு என்ன பேசுவேனாம்? பெட்டியைக் கிளறியவர்கள் டேப்ரிக்கார்டர் இல்லையா என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். அம்மாவுக்கு வாங்கிய கம்பளியும் தைலமும்தான் இருந்தன. ரயிலில் எதிரே இருந்தவள் என் நைலக்ஸ் சேலையைத் தடவித் தடவிப் பார்த்து விலை விசாரித்தாள். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். அம்மாவைப் பார்க்க வந்தவளுக்கு இவர்களோடு என்ன சண்டை?

காலையில் அரியலூர் ஸ்டேஷனில் சித்தப்பா காத்திருந்தார். போட்டோவில் மட்டுமே பார்த்திருந்த மனிதர். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"இருக்காங்க பாப்பா. மொதல்ல வந்து ரெண்டு வாய் சாப்புடு."

அம்மா முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டாள். பயணம் வந்தவளிடம் வெறும் வயிற்றில் சாவைச் சொல்லக் கூடாதாம். சொல்லிவிட்டால் எடுக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் இறங்காது, அழுவதற்குத் தெம்பு இருக்காது என்று அங்கே ஒரு வழக்கம். எங்கள் தோட்டத்தில் ஒரு உயிர் போனால் அடுத்த நிமிஷம் லயத்து வரிசை வீடுகளில் எல்லா வாசலிலும் சேதி சொல்லிவிடுவார்கள். சோறு போட்டு ஏமாற்ற மாட்டார்கள்.

ஸ்டேஷன் பக்கத்தில் சித்தப்பாவுடைய சம்பந்தி வீடு. குளிக்க வெந்நீர் தயாராக இருந்தது. தட்டில் இட்லி வைத்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பாதி இட்லிக்கு மேல் எனக்கு இறங்கவில்லை. கிளம்பலாம் சித்தப்பா என்றேன். பஸ் மத்தியானம்தான் என்றார். வெளியே பஸ் பஸ்ஸாகப் போய்க்கொண்டிருந்தது. பாதி இட்லியெல்லாம் அவர் கணக்கில் சாப்பாடே இல்லை, அதனால் சோறு வேகும் வரைக்கும் என்னைப் பிடித்து வைத்திருந்தார். உலை கொதித்து, வடித்து, இலை போட்டு, இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி என்று என் வயிற்றை நிரப்பிய பிறகுதான் எழுந்தார். சாவை ஊரில் போய்த் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

பெரம்பலூரில் பஸ் மாறும்போது ஆரஞ்சுப் பழம் வாங்க நின்றேன். வெளியூர்க்காரி என்று கண்டுகொண்ட கடைக்காரன் கூசாமல் விலை சொன்னான். நானும் விடவில்லை, ஒவ்வொரு பழமாக அமுக்கிப் பார்த்துப் பேரம் பேசினேன். சித்தப்பா பக்கத்தில் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மாவுக்குப் பல்லு இல்லையே, சாறு பிழிஞ்சு குடுக்கலாமா சித்தப்பா?"

"குடுக்கலாம் பாப்பா."

எந்த வாயால் சொன்னாரோ!

ஊர் முனையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ரோடெல்லாம் பொரியும் சாமந்திப் பூவும் இறைந்து கிடந்தன. அதற்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. கடல் தாண்டினாலும் பிணத்துக்கு முன்னால் பொரி இறைப்பது ஒரே மாதிரிதான். ஏரிக்கரைக்கு அப்பால் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

அண்ணன் முடிந்த வரை காத்திருந்திருக்கிறான். ரயில் காலையிலேயே வந்திருக்கும், பெண் அதில் வரவில்லை போலிருக்கிறது, பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்று ஊர் கூடி அவனை எழுப்பிவிட்டது. புகையைப் பார்த்து ஓடினேன். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது என்று நாலைந்து பேர் என் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். விடுங்கடி என்று கத்தினேன், கையைக் கடித்தேன். ஒருத்தியும் விடவில்லை. அம்மா எப்படி இருந்தாள், இளைத்திருந்தாளா, கண்ணை மூடியிருந்தாளா, எனக்கு எதுவும் தெரியாது.

என்னைப் பிடித்திருந்தவர்களில் பெரியம்மா ஒருத்தி. என் முகத்தைத் துடைத்துவிட்டுச் சித்தப்பாவிடம் திரும்பி, "புள்ள ஏதாச்சும் சாப்புட்டுச்சா?" என்றாள்.

சித்தப்பா தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். ஒப்புக்கு அழவில்லை, அம்மாவை நினைத்துத்தான் அழுதார். அந்த அழுகையை நிறுத்திக்கொண்டு பதில் சொன்னார்.

"வயிறு நெறயச் சாப்புட வச்சுதான் கூட்டியாந்தேன்."

எல்லோரும் நல்லது என்று தலையாட்டினார்கள். ஆரஞ்சுப் பை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. பிடுங்கி அவர் மேலேயே வீசினேன்.