சுவரில் சிவந்த மஞ்சள்

காலை ஆறு மணி இருபது நிமிடம். பால் வாங்கக் கிளம்பிய அப்பா வெளிக்கதவைத் திறந்தார். திறந்த வேகத்திலேயே மூடிவிட்டு, தூக்குவாளியோடு கூடத்தின் நடுவில் வந்து நின்றார். சுவர்க்கடிகாரத்துக்கு நேர் எதிரே நான் பாயில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன், அதனால் நேரம் மறக்கவில்லை. அப்பா கத்தவில்லை. அடுப்படியைப் பார்த்து, "உன் பொண்ணு செஞ்சத வந்து பாரு" என்றார். நல்ல மதிப்பெண் வாங்கினால் நான் அவருடைய பெண். மற்ற நாட்களில் அம்மாவுடைய பெண்.

அம்மாவுக்குப் பின்னாலேயே ஓடிப்போய்ப் பார்த்தேன். முந்தைய நாள் மாலை எங்கள் சுற்றுச்சுவரின் மேல் நான் வரிசையாகத் தொங்கவிட்ட முப்பத்தாறு காகிதக் கொடிகளும், விடிகாலைத் தூறலில் நனைந்து சுவரோடு ஒட்டிக்கிடந்தன. மேலே மஞ்சளும் கீழே சிவப்புமாக இருக்க வேண்டிய கொடிகள் அவை. இப்போது மேலேயும் சிவப்பு. வெற்றிலை போட்டுத் துப்பியது போன்ற ஒரு கெட்ட சிவப்பு. மஞ்சள் என்று சொல்ல ஒரு விரற்கடை கூட இல்லை.

அன்று நவம்பர் ஒன்று. கர்நாடகம் பிறந்த நாள். பெங்களூரில் ஒவ்வொரு முச்சந்தியிலும் அந்த மஞ்சள் சிவப்புக் கொடி ஏறும் நாள். நாங்கள் தொம்மலூரில், ஒரே சுற்றுச்சுவருக்குள் ஆறு வீடுகள் இருந்த வளாகத்தில், முதல் வீட்டில் குடியிருந்த தமிழர்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் போன சனிக்கிழமை. எங்கள் அடுக்ககத்தில் குழந்தைகளுக்கு வண்ண வகுப்பு நடக்கிறது. என் மகளுக்குப் பத்து வயது, அவளும் போகிறாள். பெற்றோரும் வந்து பார்க்கலாம் என்றார்கள். வகுப்பெடுக்கும் பெண் ஒரு காகிதத்தில் மஞ்சள் தண்ணீரைப் பூசி, அதன்மேல் சுண்ணாம்புத் தண்ணீரால் ஒரு பூ வரைந்தாள். பூ சிவப்பாக எழுந்தது. குழந்தைகள் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் விரல்கள் நடுங்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும், "ஏம்மா கை ஆடுது?" என்று மகள் கேட்டாள். காபி அதிகமாகிவிட்டது என்றேன். பெங்களூர் மெட்ரோவில் அவள் தமிழில் சத்தமாகப் பேசினால் தொடையைத் தட்டி அடக்குகிற தாய் நான். எதற்கு அடக்குகிறேன் என்று ஒருநாளும் அவளுக்குச் சொன்னதில்லை. இனிமேல் மழுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். முழுவதையும் சொல்லிவிடப் போகிறேன். அதற்கு முன் எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.

நானும் பத்து வயதில் வண்ண வகுப்புக்குப் போனவள்தான். தெருக்கோடியில் கார் இல்லாத ஒரு கார் ஷெட்டில் மிஸ் எங்களுக்கு ஞாயிறுதோறும் சொல்லிக்கொடுத்தார். ஓவியக் கல்லூரி முடித்துவிட்டு, வீட்டில் பார்த்த மாப்பிள்ளைகளை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த கன்னடப் பெண். முதல் ஒரு மாதம் வண்ணப் பெட்டியைத் திறக்கவே விடவில்லை. வீட்டிலிருந்து நிறம் கொண்டு வாருங்கள் என்பார். நான் காபி டிகாஷன் கொண்டுபோனேன். பக்கத்து வீட்டுப் பெண் பீட்ரூட் கொண்டுவந்தாள். ஒருத்தி அவளுடைய அப்பாவின் இருமல் மருந்தைக் கொண்டுவந்து அடி வாங்கினாள்.

அந்த அக்டோபரில் மிஸ் தெருவை எங்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்தார். குழாயடியிலிருந்து தையற்கடை வரை யார் கொடி கட்டுவது என்று கேட்டதும் நான் கையைத் தூக்கிவிட்டேன். அது எங்கள் சுற்றுச்சுவர்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அந்த வருடம் இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே ஆற்றுத் தண்ணீர்த் தகராறு என்று செய்திகள் வந்தபடி இருந்தன. அப்பா ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். ரயில் நிலையக் கடையில் தமிழ் நாளிதழ் வாங்கி, அதை ஆங்கில நாளிதழுக்குள் மடித்து வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். படித்ததைக் கட்டிலுக்கடியில் கட்டிவைப்பார். எங்கள் தெரு பழைய பேப்பர்க்காரருக்குப் போடமாட்டார், சைக்கிளில் வைத்து அல்சூர் வரை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவார். நல்ல விலை கிடைக்கும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நமக்கு எதுக்கு இந்த வேலை?" என்று அவர் கேட்டபோது, "மிஸ் எனக்குக் குடுத்துட்டாங்கப்பா" என்றேன். பிடிவாதத்தில் நான் அம்மா.

சிவப்புக் காகிதம் கிடைத்தது. மஞ்சள் கிடைக்கவில்லை. ஊரே மஞ்சள் காகிதம் வாங்கும் வாரம் அது. மூன்று கடைகள் ஏறி இறங்கிய பிறகு, நோட்டிலிருந்து வெள்ளைத் தாள்களைக் கிழித்து, அம்மாவின் மஞ்சள்தூளைக் கரைத்து முக்கி எடுத்துக் காயவைத்தேன். கடைக் காகிதம் இத்தனை அழகாக இருக்காது. மைதாப் பசையால் சிவப்போடு ஒட்டி, நூலில் கோர்த்து, சாயங்காலம் மாமாவின் தோளில் ஏறி நின்று கட்டினேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்து ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். சுவருக்குத் தீபாவளிக்கென்று வீட்டுக்காரர் அந்த வாரம்தான் சுண்ணாம்பு அடித்திருந்தார். வெள்ளையில் மஞ்சள் எடுப்பாக இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஆறு இருபதுக்கு வருகிறேன்.

"எல்லாத்தையும் பிச்சிப் போடு" என்றார் அப்பா.

"இன்னைக்கா? நம்ம வூட்டு ஆளுங்க அந்தக் கொடிய பிக்கிறத எதிர்வூட்டுக்காரி பாத்தா என்னா ஆவும்?" என்றாள் அம்மா.

"அப்ப இப்பிடியே வுட்டுடலாமா?"

"வுட்டா, வேணும்னே மஞ்சள எடுத்துட்டாங்கம்பாங்க."

வைத்திருக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. எட்டரை மணிக்கு முச்சந்தியில் கொடி ஏற்றம். அதற்கு முன் யஜமான்ரு தெருவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வருவார். தெருச் சங்கத்தின் தலைவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரிய மீசை. அவர் பின்னால் எப்போதும் ஏழெட்டு இளைஞர்கள் இருப்பார்கள்.

மாமா வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்து பார்த்தார். "ஏங்க்கா, உன் பொண்ணு ஆரத்தி கரைச்சு செவுத்துல ஊத்திட்டாளா?"

அம்மா சுவரை விரலால் தேய்த்து அந்த வெள்ளையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி. எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியாது? இரண்டு வாரத்துக்கு முன்னால் சித்தி மகளுக்கு ஆரத்தி கரைத்ததே நான்தான். தட்டில் தெரிந்தது சுவரில் தெரியாமல் போய்விட்டது.

"நான் சரி பண்றேன்" என்றேன்.

"உள்ள போ" என்றார் அப்பா.

"எட்டரைக்குள்ள சரி பண்றேம்ப்பா."

ஓரக் கொடி ஒன்றை மட்டும் உரித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். மிஸ் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம், கிடைத்ததை எல்லாம் தடவிப் பார் என்பது. கொடியைத் துண்டுதுண்டாகக் கிழித்துத் தட்டில் பரப்பினேன். உப்புத் தண்ணீருக்கு அது அசையவில்லை. சர்க்கரைக்கும் அசையவில்லை. புளி எல்லாவற்றையும் பழுப்பாக்கியது. மோர் பட்டதும் சிவப்பு சற்று யோசித்தது. புளிப்புக்குத்தான் இது பயப்படுகிறது என்று தோன்றியது. முந்தைய நாள் பிழிந்துவிட்டு வைத்திருந்த எலுமிச்சை மூடியை எடுத்துத் தேய்த்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் திரும்பி வந்தது.

"அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் அப்பா கதவைத் தாழிட்டார்.

வீட்டில் அந்த ஒரு மூடிதான். கடை திறக்க எட்டாகும். அம்மா வாசலில் நின்ற ஆட்டோவைப் பார்த்தாள். முன்னால் பச்சை மிளகாயோடு திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சை ஒன்று, உள்ளே சாமி படத்துக்கு முன்னால் இரண்டு.

"அக்கா, அதுல கை வெக்காத. அப்புறம் எனக்குச் சவாரியே கெடைக்காது."

"இப்ப மட்டும் கெடைச்சிக் கொட்டுதாக்கும். அவுறுடா."

மாமா அவிழ்த்துக் கொடுத்தார். வாடியிருந்தாலும் சாறு இருந்தது. வகுப்புக்குக் கொண்டுபோகும் என் தூரிகையால் முதல் கொடியின் மேல்பாதியில் சாறைப் பூசினேன். மஞ்சள் வந்தது. இரண்டாவதுக்கும் வந்தது. ஐந்தாவதைப் பூசும்போது திரும்பிப் பார்த்தால், முதல் கொடியின் ஓரம் மறுபடியும் சிவக்கத் தொடங்கியிருந்தது. சுவர் விடவில்லை. சுவருக்கும் கொடிக்கும் நடுவில் ஏதாவது கொடுத்தாக வேண்டும்.

என் பாடப் புத்தகங்களின் பழுப்பு அட்டைகளை எல்லாம் உரித்தேன். பத்துக் கொடிக்குத்தான் வந்தது. மணி ஏழு ஐம்பது. கட்டிலுக்கடியில் தவழ்ந்துபோய் அப்பாவின் நாளிதழ்க் கட்டை இழுத்தேன்.

"அது வேணாம்" என்றார் அப்பா. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"வேற பேப்பரே இல்லப்பா."

"வேணாம்னு சொல்றேன்ல?"

"அப்ப கொடி எல்லாம் திரும்பவும் செவந்துடும்ப்பா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கத்தரிக்கோலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் தரையில் உட்கார்ந்தார். கொடியை விடச் சிறியதாக, ஓர் எழுத்தும் வெளியே தெரியாமல் வெட்ட வேண்டும் என்றார். அவரே வெட்டினார். அலுவலகத்தில் அளவுகோல் இல்லாமல் நேர்க்கோடு போடுகிறவர், அன்று கோணலும் மாணலுமாக வெட்டினார். நான் பொறுமை இழந்து, "நேரா வெட்டுங்கப்பா" என்று அதட்டினேன். அவருடைய விரல்கள் ஆடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். காலையில் காபி குடிக்கவில்லை, அதனால்தான் என்று நினைத்தேன்.

மாமா கொடியைத் தூக்கிப் பிடிக்க, அம்மா காகிதத்தைச் செருக, நான் சாறு பூசினேன். கடைசி நான்கு கொடிக்குச் சாறு போதாமல் தண்ணீர் கலந்தேன். அவை சற்று வெளுத்த மஞ்சளாக வந்தன. தெருவில் பீப்பி ஊதும் சத்தம் கேட்டது.

அப்பா சட்டையை மாட்டிக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா அவருக்கு ஒரு கன்னட வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தாள், குழந்தை செய்தது, தப்பாகிவிட்டது என்று. அதை உதட்டுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டேகாலுக்கு யஜமான்ரு வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் மஞ்சள் சிவப்புத் துண்டு. பின்னால் இளைஞர்கள். தையற்கடையிலிருந்து ஒவ்வொரு கொடியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், எங்கள் வாசலுக்கு நேராக நின்றுவிட்டார். ஒரு கொடியின் ஈரத்தை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"அரிஷினானா?" என்று என்னைக் கேட்டார். மஞ்சள்தூளா என்று கேட்கிறார்.

"ஹௌது அங்கிள், நிம்பேஹண்ணு கூட" என்றேன், ஆமாம், எலுமிச்சையும் உண்டு என்று. எனக்கு ஒரே பெருமை.

அப்பா, "மகு..." என்று தொடங்கினார். குழந்தை என்ற முதல் சொல்லைத் தாண்டி வாக்கியம் வரவில்லை.

யஜமான்ரு கையில் இருந்த கொடியின் கீழ் ஓரத்தில் நாளிதழ் ஒரு விரல் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா கோணலாக வெட்டியவற்றில் ஒன்று. தமிழ் எழுத்து, தலைப்பு எழுத்து, கொட்டை கொட்டையாக. யஜமான்ரு அதைப் பார்த்தார். இளைஞர்களில் ஒருவன், "ஏனாயித்து அண்ணா?" என்று கேட்டபடி, என்ன ஆனது என்று பார்க்க நெருங்கி வந்தான்.

யஜமான்ரு ஓரடி நகர்ந்து, தன் அகன்ற முதுகை அவன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றார். கட்டை விரலால் அந்தக் காகிதத்தைக் கொடிக்குப் பின்னால் மெதுவாகத் தள்ளினார். பக்கத்துக் கொடியிலும் ஒன்று நீட்டியிருந்தது, அதையும் தள்ளினார். பிறகு அப்பாவின் பக்கம் குனிந்து, நாங்கள் அவர் வாயிலிருந்து அதுவரை கேட்டிராத தமிழில், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பேப்பரெல்லாம் கொஞ்சம் உள்ள தள்ளி வுடுங்க சார். மழை வந்தா நனைஞ்சிடும்."

நான் அண்ணாந்து பார்த்தேன். தூறல் விட்டு இரண்டு மணி நேரமாகியிருந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. இத்தனை பெரிய மனிதருக்கு இது கூடத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா மட்டும் அவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டவர் போல, வேகமாகத் தலையை ஆட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் காகிதங்களை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.